ஆல்பர்ட் வென் டைசி

ஆல்பர்ட் வென் டைசி (பெப்ரவரி 4, 1835 - ஏப்ரல் 7, 1922) ஓர் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஆவார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 1882 முதல் 1909 வரை ஆங்கிலச் சட்டத்துக்கான வைனேரியன் பேராசிரியராகப் பணியாற்றினார். ஒரே ஆவணமாகத் தொகுத்து எழுதப்படாத பிரித்தானிய அரசியலமைப்பு எவற்றால் ஆனது, எவ்வாறு இயங்குகிறது என்பதை 1885 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் விளக்கினார். நாடாளுமன்றத்தின் இறையாண்மை, சட்டத்தின் ஆட்சி, அரசியலமைப்பு மரபுகள் ஆகிய மூன்று கருத்துக்களைக் கொண்டு அந்நூல் அமைந்தது. சட்டத்தின் ஆட்சி என்னும் தொடர் உலகெங்கும் பரவியதற்கு இவரே முதன்மைக் காரணம் எனலாம். அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்குவதை வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் எதிர்த்த இவர், அந்த எதிர்ப்பில் தாம் வகுத்த கோட்பாட்டோடு தாமே மோத நேர்ந்தது.

பிறப்பும் இளமையும்

டைசி இங்கிலாந்தின் லெஸ்டர்சயர் மாவட்டத்தில் லட்டர்வொர்த் ஊருக்கு அருகிலுள்ள கிளேபுரூக் இல்லத்தில் பிறந்தார். தந்தை தாமஸ் எட்வர்ட் டைசி, நார்தாம்ப்டன் மெர்க்குரி என்னும் செய்தித்தாளின் உரிமையாளர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். தாய் ஆன் மேரி, அடிமை வணிக ஒழிப்பில் பங்கு கொண்ட வழக்கறிஞர் ஜேம்ஸ் ஸ்டீபனின் மகள். இந்தத் தாய்வழி உறவு குறிப்பிடத்தக்கது. இந்தியச் சாட்சியச் சட்டம், 1872 ஐ வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனும், எழுத்தாளர் வெர்ஜீனியா வுல்ஃபின் தந்தையான லெஸ்லி ஸ்டீபனும் டைசியின் மாமன் மக்கள். அந்தச் சாட்சியச் சட்டம் இந்தியாவில் 2024 ஆம் ஆண்டு வரை நடைமுறையில் இருந்தது. டைசியின் உடன்பிறந்தவரான எட்வர்ட் டைசி புகழ்பெற்ற இதழாளர்.

பிறவியிலிருந்தே இவருக்குத் தசைத் தளர்ச்சி இருந்தது. கைகால்களின் அசைவுகள் வாழ்நாள் முழுவதும் இவருடைய கட்டுப்பாட்டுக்கு முழுமையாக வரவில்லை. கையெழுத்தைப் பிறர் படிப்பது மிகக் கடினம். இதனால் பள்ளிக்கு அனுப்பப்படாமல் பதினேழு வயது வரை வீட்டிலேயே, பெரும்பாலும் தாயிடம் கற்றார். 1852 இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பள்ளியிலும், 1854 இல் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியிலும் சேர்ந்தார். செவ்வியல் மொழிகளிலும் மெய்யியலிலும் முதல் வகுப்பில் தேறினார்.

ஆக்ஸ்போர்டில் இவரும் நண்பர்களும் நடத்திய ஓல்டு மோர்ட்டாலிட்டி என்னும் சிறு கழகத்தில் கவிஞர் ஸ்வின்பர்ன், மெய்யியலாளர் தாமஸ் ஹில் கிரீன், பின்னாளில் அமெரிக்காவுக்கான பிரித்தானியத் தூதரான ஜேம்ஸ் பிரைஸ் ஆகியோர் இருந்தனர். பிரைசுடன் தொடங்கிய நட்பு அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அயர்லாந்து பற்றிய கேள்வியில் இருவரும் எதிரெதிர் அணிகளில் நின்றபோதும் அது முறியவில்லை. 1860 இல் டைசி டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். அதே ஆண்டில் அரசரின் மன்றமான பிரிவி கவுன்சிலின் வரலாறு பற்றிய கட்டுரைக்கு அர்னால்டு பரிசு பெற்றார்.

வழக்கறிஞர் பணி

1863 இல் இன்னர் டெம்பிள் மன்றத்தின் வழியாக வழக்கறிஞராகப் பதிவு செய்து கொண்டார். நீதிமன்றத்தில் வாதாடிப் பெரும்புகழ் அடையவில்லை. 1876 முதல் 1890 வரை வருவாய்த் துறை ஆணையர்களுக்கான இளநிலை வழக்கறிஞராக இருந்தார். வழக்கில் யார் யாரைத் தரப்பினராகச் சேர்க்க வேண்டும் என்பது பற்றி 1870 இலும், வாழிடச் சட்டம் பற்றி 1879 இலும் நூல்கள் எழுதினார். பரந்து சிதறிக் கிடக்கும் தீர்ப்புகளிலிருந்து சில விதிகளைப் பிரித்தெடுத்து, எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் எடுத்துக்காட்டுகளால் விளக்கும் முறையை இந்நூல்களில் பழகினார். ஏறத்தாழ ஒரு கணித நூலின் அமைப்பு அது. அரசியலமைப்பையும் பிற்பாடு இதே முறையில்தான் அணுகினார்.

1870 இல் பிரைசுடன் அமெரிக்காவுக்குச் சென்று வந்தார். எழுதப்பட்ட அரசியலமைப்பும், சட்டமன்றம் இயற்றிய சட்டத்தைச் செல்லாது என்று கூறக்கூடிய நீதிமன்றமும் உள்ள நாட்டை நேரில் கண்டது, தம் நாட்டின் முறை எவ்வளவு வேறுபட்டது என்பதை இவருக்கு உணர்த்தியது. 1872 இல் எலினோர் மேரி போன்ஹாம் கார்ட்டரை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

1882 இல் வைனேரியன் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1758 இல் வில்லியம் பிளாக்ஸ்டன் முதன்முதலில் வகித்த பதவி அது. பிளாக்ஸ்டனுக்குப் பின் நீண்ட காலம் அது பெயரளவில் மட்டுமே இருந்து வந்தது. இங்கிலாந்தில் வழக்கறிஞர்கள் சட்டத்தைத் தொழில் பழகியே கற்றனர். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலச் சட்டத்தைக் கற்பிக்க இயலுமா என்பதே ஐயமாக இருந்தது. டைசி தமது தொடக்க உரையின் தலைப்பாகவே இந்தக் கேள்வியை எடுத்துக் கொண்டார்.

1885 ஆம் ஆண்டு நூல்

மாணவர்களுக்கு ஆற்றிய விரிவுரைகளைத் தொகுத்து, அரசியலமைப்புச் சட்டக் கல்விக்கான அறிமுகமாக 1885 இல் வெளியிட்டார். அக்காலத்தில் ஓர் ஆங்கில மாணவர் தம் நாட்டு அரசியலமைப்பைப் படிக்க விரும்பினால் அவர் கையில் கொடுக்க ஒரு நூல் இல்லை. அமெரிக்க மாணவருக்கு 1787 இல் வரையப்பட்ட ஆவணம் இருந்தது. ஆங்கில மாணவருக்கு 1215 ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா, 1679 ஆம் ஆண்டு ஆட்கொணர்வுச் சட்டம், 1689 ஆம் ஆண்டு உரிமைச் சட்டம், 1701 ஆம் ஆண்டு அரசுரிமைச் சட்டம் எனப் பல நூற்றாண்டுகளில் சிதறிய சட்டங்கள் இருந்தன. அவற்றோடு நீதிபதிகளின் தீர்ப்புகளும், எந்தச் சட்டத்திலும் இடம்பெறாத நடைமுறைகளும் இருந்தன. பிளாக்ஸ்டனைப் படித்தால், அரசர் உண்மையில் இழந்துவிட்ட அதிகாரங்களை எல்லாம் இன்னும் அவரே செலுத்துவது போன்ற சித்திரம் கிடைத்தது. வரலாற்றாசிரியர்கள் பழங்கால மன்றங்களைப் பற்றிப் பேசினர். 1867 இல் ஆங்கில அரசியலமைப்பைப் பற்றி எழுதிய வால்ட்டர் பேஜட் அமைச்சரவை எவ்வாறு இயங்குகிறது என்பதை அழகாகக் காட்டினார். ஆனால் அதில் எது சட்டம், எது வழக்கம் என்பது அவருடைய அக்கறையாக இருக்கவில்லை.

டைசியின் அக்கறை அதுவே. அரசியலமைப்பு எனப்படுவதை அவர் இரண்டாகப் பிரித்தார். நீதிமன்றங்கள் ஏற்று நடைமுறைப்படுத்தும் விதிகள் ஒரு வகை. நாடாளுமன்றச் சட்டங்களும், தீர்ப்புகளால் உருவான பொதுச் சட்டமும் இதில் அடங்கும். ஆட்சியாளர்கள் பின்பற்றினாலும் எந்த நீதிமன்றமும் நடைமுறைப்படுத்தாத விதிகள் மற்றொரு வகை. இவற்றுக்கே மரபுகள் என்று பெயர். மக்கள் அவையின் நம்பிக்கையை இழந்த அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்பதும், இரு அவைகளும் நிறைவேற்றிய சட்டத்துக்கு அரசர் ஒப்புதல் மறுக்கக் கூடாது என்பதும் மரபுகள். 1708 இல் அரசி ஆன் ஒரு சட்டமுன்வரைவுக்கு ஒப்புதல் மறுத்ததே கடைசி நிகழ்வு. அதன்பின் எவரும் மறுக்கவில்லை. எனினும் மறுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

நாடாளுமன்றத்தின் இறையாண்மை

அரசர், பிரபுக்கள் அவை, மக்கள் அவை ஆகிய மூன்றும் சேர்ந்த நாடாளுமன்றம் எந்தச் சட்டத்தையும் இயற்றலாம், நீக்கலாம்; அதன் சட்டத்தைத் தள்ளிவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. இதுவே டைசியின் முதல் விதி. 1716 ஆம் ஆண்டு ஏழாண்டுச் சட்டத்தை இதற்குச் சான்றாகக் காட்டினார். மூன்று ஆண்டுகளுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், வாக்காளர்களிடம் திரும்பிச் செல்லாமல் தன் ஆயுளை ஏழு ஆண்டுகளாகத் தானே நீட்டிக் கொண்டது. அது முறையா என்று எவரும் கேட்கலாம்; அது சட்டமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க இயலாது.

இந்த விதியிலிருந்து இன்னொரு முடிவும் பிறக்கிறது. எழுதப்பட்ட அரசியலமைப்பு உள்ள நாடுகளில் அடிப்படைச் சட்டம் ஏனைய சட்டங்களுக்கு மேலே நிற்கும். பிரித்தானியாவில் அவ்வாறு மேலே நிற்கும் சட்டம் எதுவும் இல்லை. இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் இணைத்த 1707 ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டத்தையும், 1878 ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டத்தையும் டைசி அருகருகே வைத்தார். ஒரு நாட்டையே உருவாக்கிய சட்டமும், பல் மருத்துவர்களின் பதிவு பற்றிய சட்டமும் நாடாளுமன்றத்தின் முன் ஒரே நிலையில் உள்ளன. இரண்டையும் ஒரே முறையில் நீக்கலாம். நூலில் மிகுதியாக நினைவுகூரப்படும் ஒப்பீடுகளில் இதுவும் ஒன்று.

இறையாண்மை இல்லாத சட்டமியற்றும் அமைப்புகளுக்கும் எடுத்துக்காட்டுகள் தந்தார். இந்தியாவில் இருந்த வைசிராயின் சட்டமன்றமும், பயணிகளுக்கு விதிகள் வகுக்கும் ஆங்கில இரயில்வே நிறுவனமும் அந்த அத்தியாயத்தில் ஒரே வகையில் சேர்க்கப்பட்டுள்ளன. இரண்டுமே தமக்கு அளிக்கப்பட்ட அதிகார எல்லையைத் தாண்டினால் நீதிமன்றம் அவற்றின் விதிகளைச் செல்லாதவை என்று கூறலாம் என்பதே ஒற்றுமை. கோடிக்கணக்கான மக்களுக்குச் சட்டம் இயற்றிய மன்றம் ஓர் இரயில்வே நிறுவனத்தின் அருகில் அமர்ந்திருப்பதை இந்திய வாசகர்கள் கவனிக்காமல் இருக்க இயலாது. தருக்க அடிப்படையில் அதில் பிழை இல்லை.

நாடாளுமன்றம் எதையும் செய்யலாம் என்றால் கொடுமையும் செய்யலாம் அல்லவா என்ற கேள்விக்கு, லெஸ்லி ஸ்டீபனின் வாதத்தை டைசி எடுத்துக் கொண்டார். நீலக் கண்ணுடைய குழந்தைகளை எல்லாம் கொல்ல வேண்டும் என்று சட்டம் இயற்றினால் அது சட்டப்படி செல்லும். ஆனால் அத்தகைய சட்டத்தை இயற்றப் பித்தர்கள் வேண்டும், அதற்குப் பணிய முட்டாள்கள் வேண்டும் என்பது அவ்வாதத்தின் சாரம். சட்ட இறையாண்மை நாடாளுமன்றத்திடமும், அரசியல் இறையாண்மை வாக்காளர்களிடமும் உள்ளன என்று டைசி வகுத்த பாகுபாடு இதன் தொடர்ச்சியே. இந்தப் பாகுபாட்டுக்குப் பின்னாளில் அவரே ஒரு புதிய பயனைக் கண்டார்.

சட்டத்தின் ஆட்சி

இரண்டாம் கருத்தை டைசி மூன்று பொருளில் விளக்கினார். சாதாரண நீதிமன்றத்தில் நிறுவப்பட்ட சட்டமீறலுக்கு அன்றி எவரையும் தண்டிக்க இயலாது. தலைமை அமைச்சர் முதல் காவலர் வரை அனைவரும் ஒரே சட்டத்துக்கும் ஒரே நீதிமன்றங்களுக்கும் கட்டுப்பட்டவர்கள். மூன்றாவதாக, இங்கிலாந்தில் தனிமனித உரிமைகள் ஓர் அரசியலமைப்புப் பிரகடனத்திலிருந்து பிறக்கவில்லை. தனித்தனி வழக்குகளில் நீதிபதிகள் அளித்த தீர்ப்புகளின் விளைவாக அரசியலமைப்பே உருவாகியுள்ளது.

1765 ஆம் ஆண்டு என்டிக் எதிர் கேரிங்டன் வழக்கு இவ்வகைத் தீர்ப்புகளுக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அரசைத் தாக்கி எழுதியதாக ஐயுறப்பட்ட ஜான் என்டிக்கின் வீட்டில் அமைச்சரின் ஆணையுடன் புகுந்தவர்கள் தாள்களை எடுத்துச் சென்றனர். என்டிக் அவர்கள் மீது சாதாரண அத்துமீறல் வழக்குத் தொடுத்தார். அமைச்சருக்கு அத்தகைய ஆணை பிறப்பிக்கச் சட்டத்தில் இடம் உண்டா என்று நீதிமன்றம் தேடியது. இல்லை என்று கண்டு இழப்பீடு வழங்கியது. அண்டை வீட்டுக்காரர் வேலி தாண்டி வந்தால் என்ன சட்டமோ அதே சட்டம் அமைச்சரின் ஆட்களுக்கும் பொருந்தியது.

பிரான்சில் அரசு அதிகாரிகள் தொடர்பான வழக்குகளைத் தனி நிர்வாக நீதிமன்றங்கள் விசாரிப்பதைச் சுட்டி, அது அதிகாரிகளுக்குச் சலுகை அளிக்கும் முறை என்று டைசி கருதினார். நூலின் மிகப் பலவீனமான பகுதி இதுவாகும். பிரான்சின் நிர்வாக நீதிமன்றங்கள் அக்காலத்திலேயே அரசின் தவறுகளுக்கு இழப்பீடு பெறும் வழியைத் திறந்து விட்டிருந்தன. இங்கிலாந்திலோ அதிகாரி மீது வழக்குத் தொடுக்கலாமே தவிர, தீங்கியல் வழக்கில் அரசை எதிர்த்தரப்பாக்க 1947 ஆம் ஆண்டின் அரசு வழக்கு நடவடிக்கைகள் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிந்தைய பதிப்புகளில் டைசி தமது கடுமையைப் படிப்படியாகக் குறைத்துக் கொண்டார்.

மரபுகளுக்கு ஏன் பணிகிறார்கள்

நீதிமன்றம் தண்டிக்காது என்றால் ஆட்சியாளர்கள் மரபுகளை ஏன் மதிக்கின்றனர்? பொதுமக்கள் கருத்துக்கு அஞ்சி என்னும் வழக்கமான விடை டைசிக்குப் போதவில்லை. மரபை மீறுபவர் விரைவிலேயே சட்டத்தை மீற நேரும் என்று அவர் விடை கூறினார்.

நாடாளுமன்றம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும் என்பது மரபு. ஓர் அமைச்சரவை இதை மீறி ஈராண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமல் விடுகிறது என்று கொள்வோம். 1689 ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின்படி நாடாளுமன்றத்தின் இசைவின்றி அமைதிக் காலத்தில் நிலைப்படை வைத்திருப்பது சட்டவிரோதம். இந்த இசைவு இராணுவச் சட்டத்தின் வழியாக ஓராண்டுக்கு மட்டுமே அளிக்கப்பட்டு வந்தது. ஆண்டு முடிந்ததும் படைத்துறை ஒழுங்கு நடவடிக்கைக்குச் சட்ட அடிப்படை இல்லாமல் போகும். தண்டிக்கப்பட்ட படைவீரர் தம் மேலதிகாரி மீது தாக்குதல் வழக்குத் தொடுக்கலாம். நீதிபதி அதை ஏற்றே ஆக வேண்டும். வருமான வரி போன்ற சில வரிகளும் ஆண்டுதோறும் விதிக்கப்பட்டவை. நிலையான வரிகளில் பணம் வந்து சேர்ந்தாலும், நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லாமல் அதைச் செலவிட இயலாது. ஆக, எழுதப்படாத ஒரு வழக்கத்தின் கீழே எழுதப்பட்ட சட்டம் ஒன்று தாங்குகோலாக நிற்கிறது.

இந்த விளக்கம் எல்லா மரபுகளுக்கும் பொருந்தவில்லை. அரசர் ஒப்புதல் மறுத்தால் எந்தச் சட்டமும் மீறப்படுவதில்லை. ஆனாலும் எழுதப்படாத அரசியலமைப்பு காற்றில் நிற்கவில்லை, அதன் கீல்கள் எங்கே உள்ளன என்று காட்ட முயன்ற முதல் விளக்கம் இது என்பதால் இன்றும் படிக்கப்படுகிறது.

அயர்லாந்துச் சிக்கல்

நூல் வெளிவந்த சில மாதங்களிலேயே அதற்கு எதிர்பாராத வாசகர் ஒருவர் கிடைத்தார். ஏப்ரல் 8, 1886 அன்று தலைமை அமைச்சர் கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் முதல் சட்டமுன்வரைவை மக்கள் அவையில் முன்வைத்தபோது, நாடாளுமன்றத்தின் மேலாண்மை பற்றிய டைசியின் நூலைப் பாராட்டிப் பேசினார். டப்ளினில் ஒரு சட்டமன்றம் அமைத்தாலும் இலண்டன் நாடாளுமன்றத்தின் இறையாண்மை குறையாது என்பதற்கு அந்நூல் துணை நின்றது.

டைசி அதற்கு நேர் எதிராக நின்றார். அதே ஆண்டில் தன்னாட்சிக்கு எதிராக ஒரு முழு நூலை எழுதினார். அதுவரை லிபரல் கட்சி ஆதரவாளராக இருந்தவர் லிபரல் ஒன்றியவாதிகளின் பக்கம் சேர்ந்தார். அயர்லாந்தை முற்றிலும் பிரிந்து போகவிடுவது கூடத் தன்னாட்சியைவிட மேல் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. பாதி இறையாண்மை என்று ஒன்று இருக்க இயலாது என அவர் நம்பினார். 1886 ஆம் ஆண்டு முன்வரைவு 30 வாக்கு வேறுபாட்டில் மக்கள் அவையிலேயே தோற்றது. 1893 ஆம் ஆண்டின் இரண்டாம் முன்வரைவு மக்கள் அவையில் நிறைவேறி, பிரபுக்கள் அவையில் 41 க்கு எதிராக 419 வாக்குகளால் வீழ்ந்தது. அதற்கு எதிராகவும் டைசி நூல் எழுதினார். பிரபுக்கள் அவை என்றும் காவல் நிற்காது என்பதை உணர்ந்து, 1890 இலேயே பொதுவாக்கெடுப்பு முறையை இங்கிலாந்தில் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார். நாடாளுமன்றமே இறையாண்மை உடையது என்று கற்பித்தவர், நாடாளுமன்றத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை வாக்காளருக்கு அளிக்க விரும்பினார்.

1909 ஆம் ஆண்டு நவம்பரில் பிரபுக்கள் அவை வரவு செலவுத் திட்டத்தை நிராகரித்தது. நிதி முன்வரைவுகளில் பிரபுக்கள் தலையிடுவதில்லை என்ற நீண்டகால மரபு அன்று உடைந்தது. 1910 இல் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. மரபு காப்பாற்றத் தவறியதைச் சட்டம் எடுத்துக் கொண்டது: 1911 ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் நிதி முன்வரைவுகளைப் பிரபுக்கள் ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்த இயலாது என்றும், ஏனைய முன்வரைவுகளை மக்கள் அவை அடுத்தடுத்த மூன்று கூட்டத்தொடர்களில் நிறைவேற்றினால் பிரபுக்களின் இசைவின்றியே அவை சட்டமாகலாம் என்றும் கூறியது. எழுதப்படாத அரசியலமைப்பு எவ்வாறு மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. அந்தப் பாடத்தின் முதல் பயனாளியாக அயர்லாந்தே வந்தது டைசிக்குப் பொறுக்கவில்லை.

1912 இல் மூன்றாம் தன்னாட்சி முன்வரைவு வந்தது. செப்டம்பர் 28, 1912 அன்று அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனை எதிர்க்கும் உறுதிமொழிகளில் கையெழுத்திட்டனர். ஆயுதமேந்திய தொண்டர் படையும் உருவானது. டைசி 1913 இல் வெளியிட்ட நூலில், வாக்காளர்களின் தெளிவான ஒப்புதல் பெறாத சட்டத்தால் ஒன்றியத்தை உடைப்பது முறையற்றது என்றும், அதற்கு அல்ஸ்டர் காட்டும் எதிர்ப்புக்கு அறநியாயம் உண்டு என்றும் வாதிட்டார். அமைச்சர்களின் விருப்பத்துக்கு மாறாகவும் மன்னர் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலுக்கு வழி செய்யலாம் என்ற கருத்தையும் அவ்வாண்டில் ஆதரித்தார். 1914 மார்ச்சில் வெளியான பிரித்தானிய உடன்படிக்கையின் முதல் கையெழுத்தாளர்களில் எழுத்தாளர் கிப்ளிங், இசையமைப்பாளர் எல்கர், தளபதி ராபர்ட்ஸ் பிரபு ஆகியோருடன் டைசியும் இருந்தார். தன்னாட்சிச் சட்டம் செயற்படாமல் தடுக்கப் பயன்தரும் எந்த நடவடிக்கையிலும் பங்கு கொள்வது நியாயமே என்று அந்த உடன்படிக்கை அறிவித்தது.

ஒரு நாடாளுமன்றச் சட்டத்துக்கு எதிராக இவ்வாறு கையெழுத்திட்டவர் நாடாளுமன்ற இறையாண்மையின் ஆசிரியர்! இதை வெறும் முரண்பாடு என்று ஒதுக்கிவிடுவது அவருக்கு முற்றிலும் நியாயம் செய்வதாகாது. அரசியல் இறையாண்மை வாக்காளருடையது என்று 1885 இலேயே எழுதியவர் அவர். மரபுகள் எல்லாம் நாடாளுமன்றம் வாக்காளரின் விருப்பத்துக்கு இணங்குவதற்காகவே உள்ளன என்றும் கூறியவர். ஆனால் வாக்காளரின் விருப்பம் நீதிமன்றத்துக்குத் தெரியாத பொருள் என்று கூறியவரும் அவரே. பல் மருத்துவர் சட்டத்துக்கும் ஒன்றியச் சட்டத்துக்கும் வேறுபாடு இல்லை என்ற கோட்பாடு, 1800 ஆம் ஆண்டு அயர்லாந்து ஒன்றியச் சட்டத்தின் முன் வந்தபோது அதை வகுத்தவராலேயே தாங்க முடியாததாயிற்று.

இக்காலத்தின் மற்றொரு நிகழ்வும் குறிக்கத்தக்கது. 1914 இன் தொடக்கத்தில், ஆண்டுதோறும் நிறைவேற வேண்டிய இராணுவச் சட்டத்தைப் பிரபுக்கள் அவையில் திருத்தி, தேர்தல் நடக்கும்வரை அல்ஸ்டரில் படையைப் பயன்படுத்த இயலாதபடி செய்யலாமா என்று பழமைவாதக் கட்சித் தலைமை ஆலோசித்தது. பின்னர் அத்திட்டத்தைக் கைவிட்டது. அரசியலமைப்பைத் தாங்கும் கோலாக டைசி காட்டிய அதே சட்டத்தைப் பிடுங்கிப் பார்க்கும் அளவுக்கு நிலைமை சென்றிருந்தது. செப்டம்பர் 18, 1914 அன்று தன்னாட்சிச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. முதலாம் உலகப் போரின் காரணமாக அன்றே நிறுத்தியும் வைக்கப்பட்டது. அது ஒருபோதும் நடைமுறைக்கு வரவில்லை.

பிற பணிகள்

1896 இல் வெளியான நாடுகளுக்கிடையேயான சட்ட முரண்கள் பற்றிய பெருநூல் வழக்கறிஞர்களிடையே நிலையான மதிப்புப் பெற்றது. அது பிறரால் தொடர்ந்து திருத்தப்பட்டு இன்றும் டைசியின் பெயருடன் வெளிவருகிறது. 1898 இல் ஹார்வர்டில் ஆற்றிய விரிவுரைகளின் அடிப்படையில், 19 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சட்டத்துக்கும் பொதுமக்கள் கருத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 1905 இல் ஒரு நூல் வெளியிட்டார். 1899 முதல் 1912 வரை இலண்டன் உழைக்கும் மக்கள் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். இளமையில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று கருதியவர், பிற்காலத்தில் மனம் மாறி அதை எதிர்த்து 1909 இல் எழுதினார்.

இறுதிக் காலம்

அரசியலமைப்பு நூலின் எட்டாம் பதிப்பு 1915 இல் வெளிவந்தது. டைசி தாமே வெளியிட்ட கடைசிப் பதிப்பு அது. மூல உரையைப் பெரிதும் திருத்தாமல் நீண்ட முன்னுரை ஒன்றைச் சேர்த்தார். முப்பது ஆண்டுகளில் சட்டத்தின் ஆட்சி மீது மக்களுக்கு இருந்த மதிப்புக் குறைந்துவிட்டது என்று அதில் வருந்தினார். அரசுத் துறைகளுக்கே நீதி வழங்கும் அதிகாரத்தைப் புதிய சட்டங்கள் அளித்து வந்தன. இங்கிலாந்திலும் நிர்வாகச் சட்டம் வளர்ந்து வருவதை 1915 இல் எழுதிய தனிக் கட்டுரையில் ஏற்றுக் கொண்டார்.

1920 இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் ரெய்ட்டுடன் சேர்ந்து இங்கிலாந்து - ஸ்காட்லாந்து ஒன்றியம் பற்றிய நூலை வெளியிட்டார். டிசம்பர் 6, 1921 அன்று கையெழுத்தான ஆங்கில - ஐரிய உடன்படிக்கை, அயர்லாந்தின் பெரும்பகுதியை ஒன்றியத்திலிருந்து பிரித்தது. அதைக் காணும்வரை டைசி வாழ்ந்தார். 1922 சனவரியில் நண்பர் பிரைஸ் இறந்தார். டைசி ஏப்ரல் 7, 1922 அன்று ஆக்ஸ்போர்டில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் ஐரிய சுதந்திர அரசு எழுதப்பட்ட அரசியலமைப்பு ஒன்றுடன் தொடங்கியது.

திறனாய்வும் தாக்கமும்

டைசியைக் கடுமையாகத் திறனாய்வு செய்தவர்களில் ஐவர் ஜென்னிங்ஸ் முதன்மையானவர். சட்டத்துக்கும் மரபுக்கும் இடையே டைசி இட்ட கோடு அவர் எண்ணிய அளவுக்குத் தெளிவானது அன்று என்றும், சட்டத்தின் ஆட்சி பற்றிய விளக்கத்தில் அவருடைய அரசியல் விருப்புகள் கலந்துள்ளன என்றும் 1933 இல் வெளியான நூலில் ஜென்னிங்ஸ் காட்டினார். இதே ஜென்னிங்ஸ் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். இலங்கையின் விடுதலைக்கால அரசியலமைப்பை வரைவதில் டி. எஸ். சேனநாயக்காவுக்கு ஆலோசகராக இருந்தார். அந்த எழுதப்பட்ட அரசியலமைப்பின் கீழ் எழுந்த இரணசிங்க வழக்கில், நாடாளுமன்றம் தனக்கு விதிக்கப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை நிபந்தனையைப் புறக்கணித்துச் சட்டம் இயற்ற இயலாது என்று 1964 இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. நாடாளுமன்ற இறையாண்மையின் எல்லை பற்றிய விவாதங்களில் இத்தீர்ப்பு இன்றும் முன்வைக்கப்படுகிறது.

மரபு பற்றிய டைசியின் பாகுபாட்டைக் கனடாவின் உச்சநீதிமன்றம் 1981 இல் சோதித்தது. அரசியலமைப்பை மாற்ற மாகாணங்களின் கணிசமான இசைவு தேவை என்னும் மரபு உண்டு என்று நீதிபதிகளில் பெரும்பான்மையினர் கூறினர்; அதைச் சட்டமாக நடைமுறைப்படுத்த இயலாது என்றும் பெரும்பான்மை முடிவு செய்தது. பிரித்தானியாவில் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணான 1988 ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப் பிரிவுகளை நீதிமன்றங்கள் ஒதுக்கி வைத்தபோது டைசியின் காலம் முடிந்தது என்று பலர் எழுதினர். பிரித்தானியா சனவரி 31, 2020 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது.

டைசி 1890 இல் பரிந்துரைத்த பொதுவாக்கெடுப்பு, நாடு முழுவதற்குமாக முதன்முறை 1975 இல் நடந்தது. 2016 ஆம் ஆண்டு வாக்கெடுப்பு வெளியேறும் முடிவைத் தந்தபின், அதைச் செயற்படுத்த அரசுக்கு நாடாளுமன்றச் சட்டம் தேவையா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது. தேவை என்று 2017 சனவரியில் உச்சநீதிமன்றம் கூறியது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் இசைவைக் கோரும் மரபைத் தன்னால் நடைமுறைப்படுத்த இயலாது என்றும் அதே தீர்ப்பில் கூறியது. 2019 செப்டம்பரில், நாடாளுமன்றத்தை ஐந்து வாரங்கள் ஒத்திவைக்க அரசிக்கு அளிக்கப்பட்ட ஆலோசனை சட்டவிரோதமானது என்று அந்நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். நாடாளுமன்ற இறையாண்மை என்னும் டைசியின் முதல் விதி அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்றாக இருந்தது. அதைக் கொண்டு நீதிமன்றம் நுழைந்த இடம், அவர் மரபுகளுக்கென விட்டுவைத்திருந்த பகுதி.